பினாங்கு முதல் புத்ராஜெயா வரை: தலைநகரங்களில் நம்மவர் நிற்கும் நிலம் யார் பெயரில்?

"நம் நாட்டின் தலைநகரம் எது?" தமிழ்ப்பள்ளி இரண்டாம் ஆண்டு பிள்ளையின் பயிற்சிப் புத்தகத்தில் இருந்த கேள்வி இது. பிள்ளை கோலாலம்பூர் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் இருந்த அண்ணன்காரன், "இல்லை, புத்ராஜெயா" என்று அடித்துத் திருத்தப் பார்த்தான். வீட்டில் பெரியவர்களுக்கும் ஒரு நொடி சந்தேகம் வந்துவிட்டது.

பிள்ளை எழுதியதுதான் சரி. கூட்டரசு அரசியலமைப்பின் 154ஆவது பிரிவு, நாடாளுமன்றம் வேறு முடிவு செய்யும் வரை கோலாலம்பூரே தலைநகரம் என்கிறது. நாடாளுமன்றமும் மாமன்னரின் அரண்மனையும் அங்கேதான் இருக்கின்றன. பிரதமர் அலுவலகம் 1999இல் புத்ராஜெயாவுக்குப் போனது. பெரும்பாலான அமைச்சுகளும் பின்னாலேயே போயின. ஆகவே புத்ராஜெயா நிர்வாகத் தலைநகரம். 1974 பிப்ரவரி 1ஆம் தேதி சிலாங்கூரிடமிருந்து பிரிந்து கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானது. 2001இல் அதே பிப்ரவரி 1ஆம் தேதிதான் புத்ராஜெயாவும் கூட்டரசுப் பிரதேசமானது. கூட்டரசுப் பிரதேசங்களில் ஆண்டுதோறும் அன்று பொது விடுமுறை. பினாங்கில் இருக்கும் நமக்கு அது சாதாரண வேலை நாள்.

ஆனால் இந்தப் பினாங்கும் ஒரு காலத்தில் தலைநகரம்தான். 1786 ஆகஸ்ட் 11ஆம் தேதி பிரான்சிஸ் லைட் இங்கே கொடி ஏற்றினார். 1805இல் பினாங்கு தனி மாகாணமானது. கல்கத்தா, சென்னை, பம்பாய் வரிசையில் நான்காவது. 1826இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் சேர்த்து நீரிணைக் குடியேற்றம் என்று ஆக்கியபோது அதன் தலைநகரம் ஜார்ஜ்டவுன். ஆறே ஆண்டுகள். 1832இல் தலைமையிடம் சிங்கப்பூருக்குப் போய்விட்டது. அங்கே வணிகம் பெருகிவிட்டது. இங்கே கவர்னர், செயலாளர், நீதிபதி என்று பெரிய மாகாணத்துக்கு உரிய செலவு, வருமானமோ சின்னது. கிழக்கிந்தியக் கம்பெனி கணக்குப் பார்த்தது, முடிந்தது.

தலைநகரம் போய் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆகப் போகின்றன. ஆனால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் இன்றும் காலையில் நடந்து பாருங்கள். பழைய பெயர் பிட் ஸ்திரீட். இங்கிலாந்துப் பிரதமர் ஒருவரின் பெயர். ஒரு முனையில் தேவாலயம், சற்றுத் தள்ளி சீனர்களின் குவான் யின் கோயில், பிறகு வெள்ளை வெளேரென்று பள்ளிவாசல். பக்கத்துத் தெருவான குயின் ஸ்திரீட்டில் மகா மாரியம்மன் கோயில். நாணய மாற்றுக் கடைகள், நகைக்கடைகள், நாசி கண்டார் கடை முன் நிற்கும் வரிசை. சுற்றுலா வழிகாட்டிகள் இதை "நல்லிணக்கத் தெரு" என்று சொல்லிப் பயணிகளை அழைத்து வருகிறார்கள். நல்லிணக்கம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இவை எல்லாம் இத்தனை காலம் இங்கேயே நிற்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அதை வழிகாட்டிகள் சொல்வதில்லை: கெரான். நிலப் பத்திரம்.

1801ஆம் ஆண்டு. தென்னிந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர் காதிர் முகைதீன். அவரைக் கம்பெனி கப்பித்தானாக, அதாவது தம் சமூகத்தின் தலைவராக நியமித்தது. பள்ளிவாசலுக்கென்று 18 ஏக்கர் நிலம் எழுதிக் கொடுக்கப்பட்டது. அதே 1801இல் பெட்டி லிங்கம் செட்டி என்பவர் பெயரில் மாரியம்மன் கோயிலுக்கு நிலம் வழங்கப்பட்டது. முதலில் சிறிய சன்னிதி; 1833இல் கோயில் எழும்பியது. கவனியுங்கள், கோயில் கட்டப்பட்டது தலைநகரம் சிங்கப்பூருக்குப் போன அடுத்த ஆண்டு. கவர்னர் போனால் என்ன, பத்திரம் நம்மிடம் இருக்கிறது என்ற தைரியம் அந்தக் காலத்துக் கடைத்தெரு ஆட்களுக்கு இருந்திருக்க வேண்டும்.

(கெலிங் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கலிங்கத்திலிருந்து வந்தது என்பார்கள். அந்தக் காலத்தில் அது தென்னிந்தியரைக் குறிக்கும் சாதாரணப் பெயர். இன்று யாராவது நம்மைப் பார்த்து அப்படிச் சொன்னால் கோபம் வருகிறது, வரத்தான் வேண்டும். ஆனால் 1801இல் அந்தப் பெயரோடு நிலம் வாங்கிய மனிதரின் பெயரில்தான் அரசாங்கச் சாலைப் பலகை நிற்கிறது.)

பத்திரம் இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. அந்த 18 ஏக்கரில் பெரும்பகுதி இன்று பள்ளிவாசல் வளாகத்தில் இல்லை. அறக்கட்டளை நிலங்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்குள் சண்டை, கணக்கில் குளறுபடி என்று புகார்கள் பெருகின. 1905இல் ஆங்கிலேய அரசு முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளுக்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்து வாரியம் அமைத்தது. இன்றைய பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் வேர் அங்கேதான். சொத்தை வாங்குவது ஒரு வேலை, காப்பது இன்னொரு வேலை என்று நம்மவர்கள் அப்போதே கற்றிருக்க வேண்டிய பாடம் அது.

இனி கோலாலம்பூருக்கு வருவோம். 1857இல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் இறங்கி அம்பாங் பக்கம் ஈயம் தேடப் போனார்கள். சேறும் காய்ச்சலுமான இடம். 1880இல் சிலாங்கூரின் நிர்வாகம் கிள்ளானிலிருந்து அங்கே மாறியது. 1886இல் ரயில் ஓடியது. 1896இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தலைநகரம் ஆனது. 1957இல் சுதந்திர நாட்டின் தலைநகரம். ரயில் வந்ததும் நம்மவர்கள் வந்தார்கள். தண்டவாளம் போட தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள், கிராணி வேலைக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்கும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். பிரிக்பீல்ட்ஸும் செந்தூலும் அப்படித்தான் நம்முடைய ஊராயின.

1873இல் தம்புசாமிப் பிள்ளை தொடங்கிய மகா மாரியம்மன் கோயில் முதலில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. 1885இல் இன்றைய ஜாலான் துன் எச்.எஸ்.லீ இடத்துக்கு மாறியது. தைப்பூசத்துக்காகப் பத்துமலைக்கு வெள்ளி இரதம் புறப்படுவது அங்கிருந்துதான். தலைநகரம் வளரத் தொடங்கிய நாள் முதலே நம் கோயில்கள் இடம் மாறிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. ஆனால் அந்தக் கோயில் மாறிப்போன இடத்தில் நிலைத்துவிட்டது.

இரண்டு இடங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். கம்போங் பாரு என்ற மலாய்க் குடியிருப்பு 1900ஆம் ஆண்டு வாக்கில் மலாய் விவசாயக் குடியேற்றமாக அரசிதழில் பதிவானது. இன்று இரட்டைக் கோபுரத்தின் நிழல் விழும் தூரத்தில், ஒரு சதுர அடி என்ன விலை என்று கேட்கவே பயமாக இருக்கும் இடத்தில், மரவீடுகளோடு அது இருக்கிறது. எத்தனையோ மேம்பாட்டுத் திட்டங்கள் வந்தன. நில உரிமையாளர்களோடு பேசாமல் எதுவும் அசையவில்லை. இன்னொரு பக்கம் பிரிக்பீல்ட்ஸில் "நூறு குவாட்டர்ஸ்" என்று நாம் அழைத்த வீடுகள். ரயில்வே, அரசு ஊழியர்களுக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியவை. மூன்று தலைமுறை அங்கே பிறந்தது, கல்யாணம் செய்தது. ஏறக்குறைய பத்தாண்டுகளுக்கு முன் அவை இடிக்கப்பட்டன. பாரம்பரியம், வரலாறு என்று எழுதியவர்கள் எழுதினார்கள். ஆனால் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேரம் பேச ஒரு வீட்டுக்காரர்கூட இல்லை. எல்லாரும் குடியிருந்தவர்கள், யாரும் உரிமையாளர் இல்லை.

புத்ராஜெயாவின் கதை தோட்டத்துக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமானது. இன்று ஏரியும் பாலங்களும் இளஞ்சிவப்புக் குவிமாடமும் இருக்கும் அந்த இடம் பிராங் பெசார் தோட்டம். பிராங் பெசார் என்றால் பெரும் போர். முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய ஆங்கிலேய அதிகாரிகள் சிலர் 1921இல் காட்டை அழித்து உண்டாக்கிய தோட்டம் என்பதால் அந்தப் பெயர். அதாவது, அதிகாரிகள் உண்டாக்கினார்கள் என்று புத்தகம் சொல்கிறது. காட்டை வெட்டியது யார், கன்று நட்டது யார், விடியற்காலை நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போனது யார் என்று நமக்குத் தெரியும்.

அது சாதாரணத் தோட்டமும் அல்ல. ரப்பர் ஆராய்ச்சிக்குப் பெயர் போனது. பழைய மண்டோர்களைக் கேட்டால் "பிபி 86", "பிபி 260" என்று மர ரகங்களைச் சொல்வார்கள். அந்தப் "பிபி" வேறொன்றுமில்லை, பிராங் பெசார்தான். உலகத்தில் பல நாடுகளின் ரப்பர் காடுகளில் அந்தத் தோட்டத்தின் பெயர் இன்னும் இருக்கிறது. தோட்டம் இல்லை.

1995இல் கட்டுமானம் தொடங்கியது. பிராங் பெசார், அதையொட்டிய மெடிங்லி, காலோவே, செட்ஜ்லி தோட்டங்களில் இருந்த ஏறக்குறைய நானூறு குடும்பங்கள் 1990களின் இறுதியில் டெங்கில் தாமான் பெர்மாத்தா மலிவுவிலை அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டன. லயத்து வீடு சின்னதாக இருந்தாலும் முன்னால் முற்றம், பின்னால் முருங்கை மரம், நாலு கோழி, சிலருக்கு மாடு. அடுக்குமாடியில் அதெல்லாம் எங்கே வைப்பது? கொஞ்ச ஆண்டுகளிலேயே சுவரில் விரிசல் விழுந்தது. தரை வீடு வேண்டும் என்று அவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். அறிவிப்புகள் வந்தன, அமைச்சர்கள் வந்து பார்த்தார்கள், தேர்தல்கள் வந்து போயின. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் தாமான் பெர்மாத்தா வீட்டுப் பிரச்சினை பத்திரிகையில் செய்தியாக வந்துகொண்டிருந்தது. அதே காலத்தில் நாடு ஒரு நகரத்தையே கட்டி முடித்துவிட்டது. ஏறக்குறைய 49 சதுர கிலோமீட்டர் நகரம்.

இதில் யாரையாவது ஒருவரை வில்லனாக்கிவிட்டால் எழுதுவது எளிது. எனக்கு அது சரியாகப் படவில்லை. தலைநகரம் வேண்டும் என்று அரசு முடிவு செய்தது. நிலத்தின் உரிமையாளர் தோட்ட நிறுவனம். பேச்சு அவர்களோடு நடந்தது. நம்மவர்கள் இருந்த வீடு வேலையோடு சேர்ந்து வந்த வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. எழுபது ஆண்டு உழைப்புக்குச் சட்டத்தின் கண்ணில் இருந்த மதிப்பு, பணி நிறுத்த இழப்பீட்டுத் தொகை மட்டுமே. கருணை காட்டுவார்கள் என்று நம்பினோம். கருணைக்கு ரசீது கிடையாது.

துன் வீ.தி. சம்பந்தன் இதை முன்கூட்டியே பார்த்தவர். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியதும் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார். உபகாரம் கேட்காமல் கெரான் வாங்கச் சொன்ன தலைவர். பத்து வெள்ளி அன்றைய பால்வெட்டுத் தொழிலாளிக்குச் சின்னத் தொகையா? இல்லை. இருந்தும் கட்டினார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் நம்மவர்களிடம் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. "நூறு வருஷமா இருக்கோம், இனி யாரும் அசைக்க முடியாது" என்று கோயில் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறேன். 1965 தேசிய நிலச் சட்டத்தின் 48ஆவது பிரிவு இதற்கு நேர் எதிரானது. அரசாங்க நிலத்தில் எத்தனை காலம் இருந்தாலும், அனுபவத்தால் உரிமை வராது. டி.ஓ.எல். எனப்படும் தற்காலிக உரிமம் வைத்து இருந்தாலும் வராது. அந்த உரிமம் ஒவ்வொரு ஆண்டும் டிசம்பரோடு முடிந்துவிடும், புதுப்பித்தால் உண்டு. தண்ணீர் பில், மின்சார பில், கோயிலின் சங்கப் பதிவுச் சான்றிதழ் இவற்றை எல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறோம். அவற்றில் ஒன்றுகூட நிலத்துக்கான காகிதம் அல்ல. நிலப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர்.

2025 மார்ச் மாதம் கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜிட் இந்தியா வட்டாரத்தில் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில் விவகாரத்தில் நடந்தது இதுதான். நூற்று முப்பது ஆண்டுப் பழமை பேசப்பட்டது. ஆனால் அந்த நிலத்தை மாநகர் மன்றம் 2014லேயே ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றிருந்தது. விற்ற செய்தி நம்மில் எத்தனை பேருக்கு அன்றே தெரியும்? பள்ளிவாசல் கட்ட அடிக்கல் நாட்டும் நாள் நெருங்கிய பிறகுதான் நாடு முழுக்கப் பேச்சு. கடைசியில் ஏறக்குறைய ஐம்பது மீட்டர் தள்ளி மாற்று இடம் என்று முடிவானது. மோதல் இல்லாமல் முடிந்ததில் இரு தரப்புக்கும் பங்குண்டு. சமூக ஊடகத்தில் ஐம்பது மீட்டரைப் பற்றித்தான் ஓயாமல் சண்டை. எனக்குத் தோன்றிய கேள்வி வேறு. புதிய இடம் வழிபாட்டு நிலமாக அரசிதழில் பதிவாகி, பதிவேட்டில் ஏறிவிட்டதா என்பதுதான் முக்கியம். அது ஆகிவிட்டால் ஐம்பது மீட்டர் நட்டமில்லை. ஆகாவிட்டால், இன்னொரு நாள் இன்னொரு ஐம்பது மீட்டர்.

கூட்டரசுப் பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சிலாங்கூரிலோ பினாங்கிலோ நிலப் பிரச்சினை என்றால் சட்டமன்ற உறுப்பினரிடம் போகலாம். நிலம் மாநில அரசின் அதிகாரம். கோலாலம்பூரிலும் புத்ராஜெயாவிலும் சட்டமன்றமே கிடையாது. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர்தான். மேயரும் நியமனம். தலைநகரத்துக்காரர்களுக்கு ஓட்டு ஒன்று குறைவு.

பினாங்குக்காரர்கள் இதைப் படித்துவிட்டு, நம்மிடம் 1801 பத்திரம் இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். குளுகோரில் கம்போங் புவா பாலா இருந்ததே, நினைவிருக்கிறதா? மாடு வளர்த்த நம்மவர் கிராமம். ஆங்கிலேயக் குடும்பம் ஒன்று அங்கிருந்தவர்களுக்காக விட்டுச்சென்ற நிலம் என்று குடியிருப்பாளர்கள் சொன்னார்கள். ஆனால் நிலம் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு விற்கப்பட்டு, மேம்பாட்டாளர் வந்து, 2009இல் வழக்கு உச்சக் கூட்டரசு நீதிமன்றம் வரை போய்த் தோற்று, அதே ஆண்டு செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன. வாய்மொழியாக வந்த நம்பிக்கை நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

ஜார்ஜ்டவுனுக்குள்ளேயே பாருங்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 முடிவோடு போனது. 2008 ஜூலை 7இல் யுனெஸ்கோ பாரம்பரியத் தகுதி வந்தது. கட்டடங்கள் பிழைத்தன, கட்டடத்தில் இருந்த வாடகைக்காரர்களில் பலர் பிழைக்கவில்லை. கடைத்தெருவில் முறுக்கு வறுத்தவர், மேலே அறை எடுத்துத் தங்கிய துறைமுகத் தொழிலாளி, தையல்காரர் போன்றவர்கள் ஒவ்வொருவராக பட்டர்வொர்த், சுங்கைப்பட்டாணி என்று நகர்ந்தார்கள். அவர்கள் இருந்த வீட்டில் இப்போது காப்பி விலை பதினைந்து வெள்ளி.

இது நமக்கு மட்டும் நேர்ந்த கதை அல்ல. ஆந்திராவில் அமராவதியைத் தலைநகராக்க 2015 வாக்கில் 33,000 ஏக்கருக்கும் மேல் விவசாய நிலத்தைத் திரட்டினார்கள். நிலம் பெயரில் இருந்த விவசாயிக்கு மேம்படுத்திய மனையும் ஆண்டுத் தொகையும் என்று ஒப்பந்தம். அதே வயலில் நாற்று நட்ட நிலமற்ற கூலிக்கு மாதம் 2,500 ரூபாய் உதவித்தொகை. ஒரே சேறு, ஒரே வெயில். பட்டா ஒன்றுதான் வித்தியாசம். 2019இல் ஆட்சி மாறி மூன்று தலைநகரம் என்றார்கள், வேலை நின்றது. 2024இல் மறுபடி அமராவதி. ஒப்பந்தம் கையில் இருந்த விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள், போராடினார்கள். கூலிக்காரர் எந்தக் காகிதத்தோடு போவார்? இந்தோனேசியாவும் 2022இல் சட்டம் போட்டு கலிமந்தானில் நுசந்தாரா என்ற புதுத் தலைநகரைக் கட்டி வருகிறது. அங்கே பாலிக் பழங்குடியினரின் கவலையும் இதேதான்: தலைமுறையாக இருக்கும் நிலம், சான்றிதழ் இல்லாத நிலம்.

தோட்டத்தில் இன்னும் இருப்பவர்கள், கோயில் நிர்வாகத்தினர், தமிழ்ப்பள்ளி வாரியத்தினர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்கு அரசியல்வாதி தேவையில்லை. உங்கள் கோயிலோ பள்ளியோ நிற்கும் நிலத்தின் லாட் எண்ணைக் கண்டுபிடியுங்கள். தெரியாவிட்டால் நில அளவைத் துறையின் வரைபடத்தில் பார்க்கலாம். அந்த எண்ணோடு பெஜாபாட் தானா, அதாவது மாவட்ட நில அலுவலகம் போய், அதிகாரபூர்வ சாரியான் கேட்டு மனுப் போடுங்கள். கட்டணம் அதிகமில்லை. வரும் தாளில் நான்கு விஷயம் பாருங்கள்: உரிமையாளர் பெயர், நிலத்தின் பயன்பாட்டு வகை, குத்தகை என்றால் எந்த ஆண்டு முடிகிறது, யாராவது தடை மனு பதிந்திருக்கிறார்களா. அரசாங்க நிலம் என்று வந்தால், வழிபாட்டுக்கோ பள்ளிக்கோ ஒதுக்கிய நிலமாக 62ஆவது பிரிவின் கீழ் அரசிதழில் பதிவு செய்யச் சொல்லி எழுத்து மூலம் கேளுங்கள். தனியார் நிலம் என்று வந்தால், தோட்டம் கைமாறும் முன்பே நிர்வாகத்தோடு பேசுங்கள். புதிய முதலாளி வந்தபின் பேச்சு எட்டாது.

அந்தச் சாரியான் தாளை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கையோடு சேர்த்து வாசியுங்கள். திருவிழா வரவு செலவுக்கு ஒதுக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் போதும். தலைவர் மாறும்போது சாவிக் கொத்தோடு அந்தக் கோப்பையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தோட்டக் கோயிலில் ஐம்பது ஆண்டுக்கு முன் துரை எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்று இருந்ததாம். யார் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது என்று இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.